கையில் தொழில், மனதில் துணிவு

அண்மையில் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தேன். யுத்தத்தில் கணவரை இழந்தபின் தையல் இயந்திரம் ஒன்றை நம்பிப் பிள்ளைகளை வளர்த்த தாய் அவர். உயர்தரம் எழுதிய கடைசி மகள் வீட்டு மின்னிணைப்பு வேலை பழக விரும்புகிறாள்.

"பொம்பிளைப் பிள்ளை ஏணியில ஏறி வயர் இழுக்கிறதோ மிஸ்? ஊர் என்ன கதைக்கும்?" என்று தாய் கேட்டார்.

மகளின் பயம் வேறு. "வேலை பழகலாம் மிஸ். அவ்வளவு பெடியங்களுக்கு நடுவில தனிய நிண்டு கேள்வி கேக்கத்தான் பயம்."

இந்தப் பயம் அவளுக்கு மட்டும் உரியதல்ல. தொழில் பழகும் இளையோருக்குத் துணிவையும் பழக்க வேண்டும் என்பதற்காகவே அமெரிக்காவில் மாணவர் அமைப்புகள் உருவாகின. 1965 இல் நாஷ்வில் நகரில் தொழிற்கல்வி மாணவர்களும் ஆசிரியர்களும் கூடி ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 2004 முதல் அது 'ஸ்கில்ஸ் யு.எஸ்.ஏ.' என அழைக்கப்படுகிறது. பாடசாலைகளில் இதன் கிளைகள் உள்ளன. தலைவர், செயலாளர், பொருளாளரை மாணவர்களே தெரிவு செய்வார்கள். ஓர் ஆசிரியர் வழிகாட்டுவார். தச்சு, வெல்டிங், மின்னிணைப்பு, சமையல், சிகையலங்காரம் எனப் போட்டிகள் நடைபெறும். தொழில்துறையினரே நடுவர்களாக வருவார்கள். வேலைக்கான நேர்முகப் பரீட்சைக்கு எப்படி முகங்கொடுப்பது என்பதற்கும் ஒரு போட்டி உண்டு.

அங்கும் பெண்களுக்குக் கதவு இலகுவில் திறக்கவில்லை. 1928 இல் தொடங்கிய விவசாய மாணவர் அமைப்பான எஃப்.எஃப்.ஏ., 1969 இல்தான் தேசிய மட்டத்தில் பெண்களை அங்கத்தவராக ஏற்றது. 41 வருடங்கள்!

இதைச் சொல்லிவிட்டுத் தாயிடம் கேட்டேன்: "அம்மா, மாதர் சங்கத்தில் நீங்கள் முதன்முதல் எழும்பிக் கதைத்த நாள் ஞாபகமிருக்கா?"

அவர் சிரித்தார். "கால் நடுங்கினது மிஸ். பிறகு நான்தானே பொருளாளர்!"

சகோதரிகளே, கூட்டமாக இருந்து துணிவு பெறுவது நமக்குப் புதிதல்ல. அதையே நமது பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். பயிற்சி நிலையத்துக்குப் பிள்ளையைத் தனியே அனுப்பாமல், இரண்டு மூன்று பேராகச் சேர்த்து விண்ணப்பிக்கச் செய்யுங்கள். அங்கே மாணவர் குழுவொன்றை அமைத்துத் தருமாறு போதனாசிரியரிடம் கேளுங்கள். வாரத்தில் ஒரு மணித்தியாலம் கூடினாலும் போதும். ஒருவர் கூட்டக் குறிப்பு எழுதட்டும், ஒருவர் கணக்கு வைக்கட்டும், ஒருவர் தான் செய்த வேலையை மற்றவர்களுக்கு விளக்கட்டும். இதற்குப் பெரிய செலவில்லை.

பயிற்சியில் சேருமுன் அது தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழுக்கு, அதாவது என்.வி.கியூ.வுக்கு உரியதா, எந்த மட்டத்துக்குரியது என்று கேட்டறியுங்கள். இத்தகைமை 1 முதல் 7 வரை மட்டங்களைக் கொண்டது. அனுபவத்தால் தொழில் கற்றவர்களும் மதிப்பீட்டுக்குத் தோற்றி இச்சான்றிதழைப் பெற வழியுண்டு. தையலில் கை தேர்ந்த அந்தத் தாய்க்கும் இது பொருந்தும் என்று சொன்னபோது, அவர் நம்ப முடியாமல் என்னைப் பார்த்தார்.

விடைபெறும்போது மீண்டும் ஏணியைப் பற்றியே கேட்டார். ஆனால் கேள்வி மாறியிருந்தது.

"இவள் ஏறேக்க ஏணியை ஆர் மிஸ் பிடிக்கிறது?"

கூடப் படிக்கிற பிள்ளைகள் பிடிப்பார்கள் அம்மா. அதற்குத்தான் குழு.