உங்களுக்குத் தெரியுமா? 5,000 கல்லறை... ஒருவரைக்கூடப் புதைக்கவில்லை!

க்ளின்ட் ஈஸ்ட்வுட், லீ வான் க்ளீஃப், ஈலை வாலக். மூன்று பேர், மூன்று துப்பாக்கி, 2 லட்சம் டாலர் தங்கம்! 1966-ல் வந்த 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' படத்தை எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்? கதை நடப்பது அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில். ஆனால் அவுட்டோர் காட்சிகளில் ஒன்றுகூட அமெரிக்காவில் எடுத்ததில்லை. அத்தனையும் ஸ்பெயின்! வாங்க, ஒரு ரவுண்டு போய் வருவோம்!

கிளைமாக்ஸில் வரும் அந்த வட்டமான கல்லறைத் தோட்டம் நிஜம் என்றுதானே நினைத்தீர்கள்? வெறும் செட்! பெயர் சாட் ஹில். ஸ்பெயின் ராணுவ வீரர்கள் சில நூறு பேர் மண்ணைக் குவித்து, சிலுவை நட்டு உருவாக்கினார்கள். கல்லறைகள் சுமார் 5,000. அங்கே புதைக்கப்பட்டவர்கள்... பூஜ்யம்!

பொறுங்கள், படத்தில் தோண்டி எடுக்கும் சவப்பெட்டியில் ஓர் எலும்புக்கூடு இருக்கிறதே? அது பொம்மை இல்லை, அசல்! செத்த பிறகும் நடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரு நடிகையின் எலும்புக்கூடாம். சொன்னவர், செட் அமைத்தவர்களில் ஒருவரான கார்லோ லேவா!

தங்கத்தைத் தேடி வாலக் கல்லறைகளுக்கு நடுவே தலைதெறிக்க ஓடுவாரே, அப்போது ஒரு நாய் குறுக்கே பாயும். அவிழ்த்துவிட்டவர் டைரக்டர் செர்ஜியோ லியோனே! வாலக்கிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் முகத்தில் தெரியும் திடுக்கிடல் நூற்றுக்கு நூறு நிஜம்!

அந்த ஓட்டத்துக்கு என்னியோ மோரிகோனே போட்ட இசை ஞாபகம் இருக்கிறதா? மெட்டாலிகா ராக் குழு 1983-லிருந்து கச்சேரி தொடங்குவதே அதை ஒலிக்கவிட்டுத்தான்!

ஷூட்டிங் முடிந்தது. செட்டை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். புல் முளைத்தது, மாடு மேய்ந்தது, மூவரும் நின்று முறைத்துக்கொண்ட கல் தளம் மண்ணுக்கடியில் போனது. கிட்டத்தட்ட 50 வருடம்!

2015-ல் உள்ளூர் ரசிகர்கள் கடப்பாரை, மண்வெட்டியோடு கிளம்பினார்கள். கூலி கிடையாது! புல்லைச் சுரண்டச் சுரண்ட, பழைய கல் தளம் ஒவ்வொரு கல்லாக வெளியே வந்தது. சேதி பரவி, மற்ற நாட்டு ரசிகர்களும் வந்து மண் அள்ளினார்கள். சினிமாப் பைத்தியம் என்றால் இதுவல்லவா பைத்தியம்!

செலவுக்குப் பணம்? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். 15 யூரோ கொடுத்தால் ஒரு கல்லறையில் உங்கள் பெயர்! உயிரோடு இருப்பவர்கள் போட்டி போட்டுக் கல்லறை வாங்கிய ஒரே இடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்!

2016-ல் படத்துக்குப் பொன்விழா. கல்லறைகளுக்கு நடுவிலேயே திரை கட்டிப் படம் போட்டார்கள். திடீரென்று திரையில் க்ளின்ட் ஈஸ்ட்வுட்! ரசிகர்களுக்கு வீடியோவில் வாழ்த்துச் சொன்னார். மண் அள்ளியவர்கள் அழுதேவிட்டார்கள். இதையெல்லாம் சொல்லும் ஆவணப்படமும் 2017-ல் வந்துவிட்டது!

அடுத்து, பாலம். இது கேட்டால் தலை சுற்றும்! அர்லான்சா ஆற்றின் மேல் ராணுவமே கட்டிக்கொடுத்த பாலம். அதைத் தகர்க்கும் பொத்தானை அழுத்தும் கௌரவம் ஒரு ராணுவ கேப்டனுக்கு. கேமராக்காரரிடம் யாரோ எதையோ சொல்ல, தனக்குத்தான் சிக்னல் என்று நினைத்துவிட்டார். டமார்! பாலம் தூள். கேமரா? ஒன்றுகூட ஓடவில்லை! ராணுவம் சளைக்காமல் இன்னொரு பாலம் கட்டிக்கொடுத்தது. மறுபடியும் டமார்! நாம் திரையில் பார்ப்பது பாலம் நம்பர் 2!

போர்க் காட்சிகளில் வரும் கூட்டம்? சுமார் 1,500 பேர்!

பாலைவன வெயிலில் துவண்டுபோன ஈஸ்ட்வுட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் மடத்தின் வெளிப்புறம், தெற்கே அல்மேரியாவில் உள்ள கொர்த்திஹோ தெல் ஃப்ரைலே என்ற பழைய பண்ணை வீடு. உள்ளே நுழைந்தால்? வடக்கே புர்கோஸ் பக்கம் இருக்கும் சான் பெத்ரோ தெ அர்லான்சா மடாலயம்! வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே ரோடு வழியே 700 கிலோமீட்டருக்கு மேல்!

அந்தப் பண்ணை வீட்டை ஒட்டி 1928-ல் ஒரு நிஜக் கொலை நடந்தது. கல்யாணத்துக்குச் சற்று முன் மணப்பெண் ஓடிப்போக, கூடப் போனவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கவிஞர் லோர்காவின் 'ரத்தக் கல்யாணம்' நாடகம் பிறந்தது அதிலிருந்துதான்!

அல்மேரியாவின் தபெர்னாஸ் பாலைவனத்தில் லியோனேயின் முந்தைய படத்துக்குப் போட்ட கௌபாய் ஊர் செட் இன்னும் நிற்கிறது. படம் முடிந்ததும் அதை விலைக்கு வாங்கியவர்கள் யார் தெரியுமா? அதில் நடித்த துணை நடிகர்கள்! இன்று அது மினி ஹாலிவுட் என்ற தீம் பார்க்!

அதே பக்கம் லோஸ் அல்பரிகோகெஸ் என்ற குட்டிக் கிராமம். அங்கே ஒரு தெருவின் பெயர் க்ளின்ட் ஈஸ்ட்வுட் தெரு! வில்லன் லீ வான் க்ளீஃபுக்கும் ஒரு தெரு உண்டு!

மறுபடி வடக்கே வருவோம். சாட் ஹில்லுக்குப் பக்கத்து ஊர் சாந்தோ தொமிங்கோ தெ சிலோஸ். அந்த ஊர் மடாலயத்துத் துறவிகள் பாடிய ஆல்பம் 1994-ல் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 3-வது இடம் பிடித்தது!

ஸ்பெயின் போகிறவர்களே, மாட்ரிட், பார்சிலோனாவோடு திரும்பிவிடாதீர்கள்! மாட்ரிட்டிலிருந்து சாட் ஹில் சுமார் 200 கிலோமீட்டர்தான். கடைசியில் கொஞ்ச தூரம் மண் ரோடு. டிக்கெட்டும் கிடையாது!