மண்ணில் ஊறும் எண்ணெய்: சோதனை, சட்டம், பரிகாரம்

வாகனத்திலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயைத் தரையில் ஊற்றினால் சில நாட்களில் கறை மங்கிவிடும், எண்ணெய் போய்விடாது. அதிலுள்ள ஐதரோகாபன்களில் ஒரு பகுதி மண்ணில் தங்கும், ஒரு பகுதி நிலத்தடி நீரை நோக்கி இறங்கும், மிகுதி மழை நீரோடு கானுக்குள் போகும். நிலத்தடித் தாங்கியிலிருந்து கசியும் டீசலும் பெற்றோலும் இப்படித்தான் பரவுகின்றன.

மாத்தளை மாவட்டத்தில் இது ஓர் ஊரோடு நிற்கும் பிரச்சினையல்ல. கண்டியிலிருந்து வரும் ஏ9 வீதி மாத்தளை, நாவுல, தம்புள்ளை வழியாகவே வடக்கே செல்கிறது. மாத்தளை நகரத்தின் மழைநீர் சேரும் சுது கங்கையில், பொல்கொல்லையிலிருந்து உக்குவளை மின்நிலையம் ஊடாகத் திருப்பப்படும் மகாவலி நீரும் கலக்கிறது. அந்நீர் போவதென்ன நீர்த்தேக்கத்தை அடைந்து வறண்ட வலய வயல்களுக்குப் பாய்கிறது. மேலே கலக்கும் எண்ணெய் கீழே வண்டலில் படியக்கூடும்.

ஆபத்து எது?

எரிபொருளிலுள்ள பென்சீன் எளிதில் ஆவியாகும். நீரிலும் ஓரளவு கரையும் என்பதால் கிணறுகளை எட்டும். பல்வளைய அரோமற்றிக் ஐதரோகாபன்கள் இதற்கு நேர்மாறானவை. நீரில் அரிதாகவே கரையும் இவை நுண்ணிய சேற்றிலும் மக்கிய இலைகுழையிலும் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஆகவே ஆற்று நீர் தெளிவாக இருப்பது அடியிலுள்ள வண்டல் சுத்தமானது என்பதற்குச் சான்றல்ல. பென்சீனையும், இவ்வகையைச் சேர்ந்த பென்சோபைரீனையும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களாக வகைப்படுத்தியுள்ளது. கிணற்று நீர், மண் ஒட்டிய கீரை, சேற்றில் விளையாடும் பிள்ளைகளின் கைகள், கராஜ் தொழிலாளரின் தோல் ஆகியவை இவை உடலுக்குள் வரும் வழிகள்.

பிறபொருளெதிரிச் சோதனை

மாசு எங்கே, எவ்வளவு தூரம் பரவியுள்ளது என்பதை அந்த இடத்திலேயே விரைவாக அறிய உதவுவது பிறபொருளெதிரிச் சோதனை. 1971இல் சுவீடனில் அறிமுகமான எலைசா முறையே இதன் அடிப்படை. நிறுத்து எடுத்த மண்ணை மெதனோலில் குலுக்கி வடித்து, அந்தத் திரவத்தைப் பிறபொருளெதிரி (குறித்த பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதம்) பூசிய குழாயில் விடுவர். கூடவே நொதியம் இணைத்த பொருளொன்றும் சேர்க்கப்படும். திரவத்திலுள்ள மாசும் இந்தப் பொருளும் பிறபொருளெதிரியில் இடம்பிடிக்கப் போட்டியிடும். மாசு கூடினால் நொதியத்துக்கு இடம் குறையும், அது உண்டாக்கும் நிறமும் குறையும். கடும் நிறம் என்றால் மாசு குறைவு, வெளிறிய நிறம் என்றால் மாசு அதிகம்.

அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் மண்ணிலுள்ள பெற்றோலிய ஐதரோகாபன்களுக்கு 4030 என்ற முறையையும், பல்வளைய ஐதரோகாபன்களுக்கு 4035 என்ற முறையையும் வெளியிட்டுள்ளது. இரண்டுமே முதற்கட்டச் சோதனைகள்தாம். பெற்றோல், டீசலைக் காட்டும் குழாய் மசகு எண்ணெயைச் சரிவரக் காட்டாது. அதனால் கராஜ் மண்ணில் முதல் முறை மாத்திரம் “மாசு இல்லை” என்று காட்டுவதை ஏற்கக் கூடாது. ஈர வண்டலின் நீர் மெதனோலை ஐதாக்குவதால் ஈரப்பதனையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒத்த அமைப்புள்ள வேறு பொருட்களும் பிறபொருளெதிரியை ஏமாற்றக்கூடும். எனவே மாசு படாத மேட்டு நிலத்து மண்ணையும் ஒப்பீட்டுக்காகச் சோதித்து, சந்தேகமான மாதிரிகளை ஆய்வுகூடத்தில் வாயு நிறப்பகுப்பு முறையால் உறுதிசெய்ய வேண்டும். மாதிரியைக் கண்ணாடிப் போத்தலில் இறுக மூடிக் குளிரில் வைப்பதும், எடுத்த இடம், நேரம், கைமாறிய விபரம் ஆகியவற்றை எழுதுவதும் அவசியம். இவை இல்லாத அறிக்கையை எதிர்த்தரப்பு எளிதில் கேள்விக்குட்படுத்தும்.

சுன்னாகம் தரும் பாடம்

யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் அனல் மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில், ஒரு சோதனை எண்ணெய் உண்டென்றது. வேறொரு நிபுணர் குழு ஆபத்தில்லை என்றது. எதை, எங்கே, எந்த முறையில் சோதிப்பது என்பதே அங்கே வழக்கின் உயிரானது. 2015இல் தாக்கலான அடிப்படை உரிமை மனு மீது உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் வழங்குமாறு மின்நிலைய நிறுவனம் பணிக்கப்பட்டது.

உரிமையும் பரிகாரமும்

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம், 1988ஆம் ஆண்டுத் திருத்தத்துடன், மண்ணையும் உள்நாட்டு நீரையும் மாசுபடுத்துவதைத் தடைசெய்கிறது. வாகனச் சேவை நிலையங்கள் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் பெற வேண்டும். நிபந்தனைகளை மீறினால் உரிமத்தை இடைநிறுத்தவோ இரத்துச்செய்யவோ முடியும்.

எண்ணெய் மணமோ படலமோ தெரிந்தால் அந்தக் கிணற்று நீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தக் கூடாது. கொதிக்கவைத்தாலும் பாரமான எண்ணெய் நீங்காது. திகதியுடன் படமெடுத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும், மாநகர சபை அல்லது பிரதேச சபைக்கும், மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் எழுத்தில் முறையிட்டுப் பிரதியை வைத்துக்கொள்ள வேண்டும். உரிமத்தையும் சோதனை அறிக்கைகளையும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே கேட்கலாம். தருவதா மறுப்பதா என்ற முடிவு 14 வேலை நாட்களுக்குள் வர வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. பொதுத் தொல்லையை நிறுத்த நீதவான் நீதிமன்றத்தை நாடலாம். அரச அதிகாரிகளின் செயலாலோ செயலின்மையாலோ உரிமை மீறப்பட்டால், ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றில் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்யலாம். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கெடுவில் சேராது.