'ஓமா', 'எசென்ஷியல்', 'இடியோபதிக்'... மெடிக்கல் ரிப்போர்ட்டில் மிரட்டும் வார்த்தைகளுக்கு என்னதான் அர்த்தம்?

இரவு 10 மணிக்கு அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழுகிறது. டாக்டரைப் பார்ப்பது நாளை மாலைதான். அதுவரை யாருக்குப் பொறுமை இருக்கிறது? பி.டி.எஃப்பைத் திறந்தால் பாதி வார்த்தைகள் வாயிலேயே நுழையவில்லை. நடுவில் 'லிபோமா' என்று ஒன்று. "ஓமான்னு முடிஞ்சா கேன்சர்தானே?" என்று சித்தப்பா கேட்க, அன்று வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை.

மறுநாள் டாக்டர் சாதாரணமாகச் சொல்கிறார்: "அது கொழுப்புக் கட்டிம்மா. பயப்பட ஒண்ணும் இல்லை."

இப்படி ஓர் இரவைக் கடக்காத குடும்பம் குறைவு. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் இந்த வார்த்தைகளில் தடுக்கி விழுவார்கள். ஏனென்றால், இவற்றில் பெரும்பாலானவை கிரேக்கத்திலிருந்தும் லத்தீனிலிருந்தும் வந்தவை. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் மருத்துவ நூல்கள் லத்தீனில்தான் எழுதப்பட்டன. அவற்றுக்கு அடிப்படை, பழைய கிரேக்க மருத்துவர்களின் எழுத்துகள். வேர் தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

வாலைப் பார்த்தால் வார்த்தை புரியும்

'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி; அதாவது அந்த இடம் வீங்கி, சிவந்து, வலிப்பது. கிரேக்கத்தில் 'ஆர்த்ரான்' என்றால் மூட்டு. மூட்டில் அழற்சி வந்தால் 'ஆர்த்ரைட்டிஸ்'. 'எக்டமி' என்றால் வெட்டி எடுத்துவிடுவது. குடல்வாலை எடுத்தால் 'அப்பெண்டெக்டமி'. 'ஸ்டோமா' என்றால் கிரேக்கத்தில் வாய். வயிற்றில் ஒரு வழி திறந்து, பெருங்குடலை அங்கே இணைத்தால் 'கொலஸ்டமி'.

'ஓமா' என்ற வால் பெரும்பாலும் கட்டியையோ வீக்கத்தையோ குறிக்கும். 'லிபோஸ்' என்றால் கொழுப்பு என்பதால் 'லிபோமா' கொழுப்புக் கட்டி. அடிபட்ட இடத்தில் ரத்தம் தேங்கினால் 'ஹெமடோமா'. அதற்காக 'ஓமா' என்றாலே ஆபத்தில்லை என்றும் முடிவு செய்துவிட முடியாது. 'லிம்ஃபோமா', 'மெலனோமா' இரண்டும் புற்றுநோய்கள். 'கிளாக்கோமா' கண் நரம்பைப் பாதிக்கும் நோய். அதில் கட்டியே கிடையாது!

அப்படியானால் ரிப்போர்ட்டில் எதைத் தேட வேண்டும்? 'பினைன்', 'மாலிக்னன்ட்' என்ற இரண்டு சொற்களை. முதலாவதற்கு லத்தீனில் 'அன்பான' என்று பொருள். மருத்துவத்தில் புற்று அல்லாத கட்டி. இரண்டாவதற்குக் 'கெட்ட குணமுள்ள' என்று பொருள், அதுதான் புற்றுநோய். இந்த இரண்டும் இல்லையென்றால், டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான்.

'கேன்சர்' என்ற சொல்லுக்கே நண்டு என்றுதான் பொருள். கட்டியைச் சுற்றிப் புடைத்திருந்த நரம்புகள் கிரேக்கர்களுக்கு நண்டின் கால்களைப் போலத் தெரிந்தன. ஆங்கில ராசிபலனில் கடக ராசிக்கு 'கேன்சர்' என்று போடுவதும் அதே நண்டால்தான்.

'எசென்ஷியல்' என்றால் அவசியமா?

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'எசென்ஷியல் ஹைப்பர்டென்ஷன்' என்று எழுதியிருக்கும். 'எசென்ஷியல்' என்றால் அவசியமானது என்றுதானே பள்ளியில் படித்தோம்? பி.பி. அதிகமாக இருப்பது உடம்புக்கு அவசியமா என்ன?

மருத்துவத்தில் இந்தச் சொல்லுக்குப் பொருளே வேறு. சிறுநீரகக் கோளாறு போல வேறொரு நோயால் வராமல், குறிப்பிட்ட ஒரு காரணத்தைச் சுட்ட முடியாமல் வரும் உயர் ரத்த அழுத்தம் இது. பி.பி. உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இந்த வகைதான்.

ஆனால், 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டாக்டர்கள் பலரே அதை 'அவசியம்' என்றுதான் நினைத்தார்கள். வயதாகி ரத்தக்குழாய்கள் இறுகும்போது, ரத்தத்தைத் தள்ள கூடுதல் அழுத்தம் தேவை, அதைக் குறைப்பதுதான் ஆபத்து என்று நம்பினார்கள். குறைப்பதற்கு நல்ல மருந்துகளும் அப்போது இல்லை. அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் பி.பி. ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போனது. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு, 63 வயதில் இறந்தார். அன்று அவருடைய ரத்த அழுத்தம் 300-ஐத் தாண்டியிருந்தது.

இன்று நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. அந்த வார்த்தையைப் பார்த்து, 'உடம்புக்குத் தேவையானதுதான் போல' என்று மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

"தெரியாது" என்பதற்கு ஒரு கிரேக்கச் சொல்

'இடியோபதிக்'. கேட்கும்போதே பெரிய வியாதி போல இருக்கிறதா? 'இடியோஸ்' என்றால் தனக்கே உரிய, 'பேதோஸ்' என்றால் துன்பம். 'தானாக வந்த நோய்' என்று சொல்லலாம். நேரடியாகச் சொன்னால், ஏன் வந்தது என்று தெரியவில்லை. 'கிரிப்டோஜெனிக்' என்ற சொல்லும் இதன் உறவுதான். காரணம் ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

இதைப் பார்த்தால் பயப்படுவதைவிடக் கேள்வி கேட்பது நல்லது. "காரணம் தெரியலைன்னா, எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்தாச்சா டாக்டர்? காரணம் தெரியாமலே சிகிச்சை செய்ய முடியுமா?" பல நேரங்களில் முடியும் என்பதே பதிலாக இருக்கும்.

சிகிச்சையால் வரும் நோய்

'ஐட்ரோஸ்' என்றால் கிரேக்கத்தில் மருத்துவர். 'அயட்ரோஜெனிக்' என்றால் மருத்துவராலோ சிகிச்சையாலோ உண்டான பாதிப்பு. இதெல்லாம் தவறான சிகிச்சை என்று அர்த்தமில்லை. கீமோதெரபியில் முடி கொட்டுவதும் இதில்தான் சேரும். மருத்துவமனையில் இருக்கும்போது தொற்றும் நோய்க்கு 'நோசோகோமியல்' என்று பெயர்.

இந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் உண்மையை ஏற்க மருத்துவ உலகம் தயங்கிய காலமும் உண்டு. 1847-ல் வியன்னா மருத்துவமனையில் பிரசவித்த பெண்கள் காய்ச்சலில் அடுத்தடுத்து இறந்தார்கள். பிணப் பரிசோதனை செய்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்ப்பதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார் இக்னாஸ் செம்மல்வெய்ஸ். குளோரின் கரைசலில் கை கழுவச் சொன்னார். ஏப்ரலில் 18 சதவிகிதமாக இருந்த மரணம், ஜூனில் சுமார் 2 சதவிகிதமாகக் குறைந்தது. ஆனாலும் சக மருத்துவர்களில் பலர் ஏற்கவில்லை. 1865-ல் மனநலக் காப்பகம் ஒன்றில் அவர் இறந்தார்.

தவறான நம்பிக்கை, நிலைத்த பெயர்

'மலேரியா' இத்தாலிய மொழியில் கெட்ட காற்று. சதுப்பு நிலத்துக் காற்றால் வருகிறது என்று நம்பி வைத்த பெயர். 1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியா கிருமியைக் கண்ட பிறகும் பெயர் மாறவில்லை.

'ஹிஸ்டீரியா' அப்படிச் சிரித்துவிட்டுப் போக முடியாத சொல். 'ஹிஸ்டெரா' என்றால் கர்ப்பப்பை. கர்ப்பப்பையை எடுப்பதை 'ஹிஸ்டெரெக்டமி' என்பது இதனால்தான். பெண்ணின் மயக்கம், வலி, அழுகை எல்லாவற்றுக்கும் கர்ப்பப்பைதான் காரணம் என்று பழைய கிரேக்கர்கள் நினைத்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-ல் தன் நோய்ப் பட்டியலிலிருந்து இந்தப் பெயரை நீக்கியது. வீடுகளில் இன்னும் நீங்கவில்லை. "அவளுக்கு ஹிஸ்டீரியா" என்று சொல்லி ஒரு பெண்ணின் வலியைத் தள்ளிவிடுவது இன்றும் நடக்கிறது.

தமிழில் சொன்ன ஒரு டாக்டர்

இதையெல்லாம் நம் மொழியில் சொல்ல முடியாதா? அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847-ல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் இளைஞர்களுக்கு மேலை மருத்துவத்தைக் கற்பித்தவர், பின்னர் அதைத் தமிழிலேயே நடத்தினார். மாணவர்களோடு சேர்ந்து மருத்துவப் பாடநூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அங்குள்ள மருத்துவமனை இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

கடைசியாக ஒரு சொல். 'டாக்டர்' என்ற வார்த்தை, லத்தீனில் 'கற்பித்தல்' என்று பொருள்படும் 'டொசேரே'யிலிருந்து வந்தது. முதலில் அதற்கு ஆசிரியர் என்றுதான் பொருள். எனவே அடுத்த முறை ரிப்போர்ட்டோடு போகும்போது, புரியாத வார்த்தையின் கீழ் பேனாவால் ஒரு கோடு போட்டு எடுத்துச் செல்லுங்கள். "இது என்னன்னு தமிழ்ல சொல்லுங்க டாக்டர்" என்று கேட்கத் தயங்க வேண்டாம்.