பட்டைகள் காட்டும் உண்மை

மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்த சிற்றூர்களுள் ஒன்று புதுமடம். கரை சேரும் படகுகளிலிருந்து இறக்கப்படும் மீன்கள் வகைவாரியாகப் பிரிக்கப்பட்டு எடையிடப்படுகின்றன. கடலில் உழைத்தவரின் பாடு அவ்விடத்தில் எண்களாக மாறுகிறது. இவ்வெண்களைத் திரட்டி ஆராய்வது அறிவியலாகவே வளர்ந்துள்ளது. 1947ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், புதுமடத்திற்கு அருகிலுள்ள மண்டபத்தைப் பல்லாண்டுகள் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. பின்னர் அத்தலைமையிடம் கொச்சிக்கு மாற்றப்பட்டது.

மீன்பிடிப்புக் கணக்கைக் காண்போர் மனத்தில் இரண்டு வினாக்கள் எழும். மொத்தம் எவ்வளவு? அதில் ஒவ்வொரு வகையின் பங்கு எவ்வளவு? இவ்விரண்டிற்கும் ஒரே படத்தில் விடைதருவது அடுக்குப் பட்டை விளக்கப்படம். இதில் பட்டையின் முழு உயரம் மொத்தத்தையும், அதனுள் வெவ்வேறு வண்ணங்களில் அமைந்த அடுக்குகள் கூறுகளையும் குறிக்கும்.

பட்டையும் மென்பொருளும்

அளவுகளைப் பட்டைகளாக வரைந்து காட்டும் முறையை 1786ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் வில்லியம் பிளேஃபேர் கையாண்டார். ஸ்காட்லாந்தின் ஏற்றுமதி, இறக்குமதிகளை அவர் அவ்வாறு விளக்கினார். அன்று கையால் வரைந்ததை இன்று கணினி நொடிப்பொழுதில் வரைகிறது. அதற்கு உதவும் புள்ளியியல் மென்பொருள்களுள் ஒன்று 'ஆர்'. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகிய இருவரும் இதனை உருவாக்கினர். இதன் முதல் முழுமையான பதிப்பு 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்க கட்டற்ற மென்பொருள் இது.

வரையும் முறை

பயிற்சிக்காகச் சில கற்பனை எண்களைக் கொள்வோம். ஒரு கரையில் இறங்கிய மீனின் எடை கிலோவில் பின்வருமாறு:

மார்ச்: சூடை 600, காரல் 300, கணவாய் 100, மொத்தம் 1000
ஏப்ரல்: சூடை 250, காரல் 150, கணவாய் 100, மொத்தம் 500
மே: சூடை 100, காரல் 50, கணவாய் 100, மொத்தம் 250

ஆர் மொழியின் 'பார்பிளாட்' என்னும் கட்டளைக்கு இவ்வெண்களை அணியாக அமைத்துத் தருதல் வேண்டும். அணியின் ஒவ்வொரு நிரலும் ஒரு பட்டையாகும். ஒவ்வொரு நிரையும் ஓர் அடுக்காகும். எனவே மாதங்களை நிரல்களிலும் மீன்வகைகளை நிரைகளிலும் அமைக்கிறோம். 'ஜிஜிபிளாட்2' என்னும் துணைத்தொகுப்பைப் பயன்படுத்தினால் அட்டவணையை வேறுவிதமாக அமைத்தல் வேண்டும். மாதம், மீன்வகை, எடை என்னும் மூன்று நிரல்களைக் கொண்டு, ஒரு மாதத்தின் ஒரு மீன்வகைக்கு ஒரு வரி என எழுதுதல் வேண்டும். அதன்பின் 'ஜியோம் கால்' என்னும் கட்டளை அடுக்குகளைத் தானே அமைத்துவிடும்.

வரிசையில் உள்ள பிழை

படம் வந்துவிட்டது என்பதனால் பணி முடிந்துவிடுவதில்லை. மாதப்பெயர்களை வெறும் சொற்களாகக் கொடுத்தால் ஜிஜிபிளாட்2 அவற்றை எழுத்துவரிசைப்படி அடுக்கும். ஏப்ரல், மார்ச், மே எனப் பட்டைகள் நிற்கும். 500, 1000, 250 என்று மீன்வரத்து ஏறி இறங்கியதுபோல் தோன்றும். உண்மையில் அது மாதந்தோறும் பாதியாகக் குறைந்தது! ஆகவே மாதங்களின் வரிசையை 'ஃபேக்டர்' என்னும் கட்டளையால் நாமே வரையறுத்தல் வேண்டும்.

அடுக்குகளின் வரிசையும் கருதத்தக்கது. கணவாயை உச்சியில் வைத்தால் அதன் அடுக்கு மார்ச்சில் 900இலும் ஏப்ரலில் 400இலும் மே மாதத்தில் 150இலும் தொடங்கும். தொடக்கம் மாறுவதால் மூன்றும் சமம் என்பது கண்ணுக்கு எளிதில் புலப்படாது. அடித்தளத்தில் வைத்தால் ஒரே மட்டத்தில் தெரியும். ஒப்பிட விரும்பும் கூற்றை அடியில் வைப்பதே நன்று. இதற்கு பார்பிளாட்டில் அதனை முதல் நிரையாகவும், ஜிஜிபிளாட்2இல் வரிசையின் இறுதியாகவும் தருதல் வேண்டும்.

விழுக்காடு மறைப்பது

ஜிஜிபிளாட்2இல் 'ஃபில்' என்னும் அமைப்பைத் தேர்ந்தால் எல்லாப் பட்டைகளும் நூறு விழுக்காடாக ஒரே உயரம் பெறும். பங்குகளை ஒப்பிட இது உதவும். ஆயின் நம் எடுத்துக்காட்டில் கணவாயின் பங்கு 10, 20, 40 விழுக்காடு என வளர்ந்து காணப்படும். இதை மட்டும் காண்பவர் கணவாய் நான்கு மடங்கு பெருகிவிட்டது எனக் கருதுவார். அதை நம்பிக் கடன்பட்டுக் கணவாய் பிடிக்கும் கருவி வாங்குபவரும் இருக்கலாம். கணவாயோ அதே நூறு கிலோதான். குறைந்தவை சூடையும் காரலுமே. கரைக்கு வந்த மொத்த மீன் கால்பங்காகச் சுருங்கியதை அப்படம் சொல்லவே இல்லை.

இப்படத்தில் பொய்யான எண் ஒன்றுகூட இல்லை. எனினும் காண்பவர் தவறான முடிவுக்கு வருகிறார். எனவே விழுக்காட்டுப் படம் வரையும்போது அளவுப் படத்தையும் அருகில் வைத்தல் வேண்டும். இயலாவிடில் ஒவ்வொரு பட்டையின் மேலும் மொத்தத்தை எழுதுதல் வேண்டும். அலகையும் வண்ணங்களுக்கான குறிப்பையும் விடாது தருதல் வேண்டும்.

படத்தைக் காண்போருள் பலர் அதன் பின்னுள்ள அட்டவணையைக் காண்பதில்லை. வரைந்தவரை நம்பியே முடிவெடுக்கின்றனர். கரையில் நிற்கும் ஒருவரின் வாழ்வு அம்முடிவைச் சார்ந்திருக்கலாம். கட்டளையிட்டால் கணினி வரைந்துவிடும். வரைந்தது உண்மையைக் காட்டுகிறதா எனச் சரிபார்ப்பது நம் கடமை.