அம்மாவைப் பெட்டியோடு ஏற்றி வந்தால் போதுமா?



அப்பா போய்விட்டார். பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. பட்டணத்தில் வேலை பார்க்கும் மகன் லோரி பிடித்து வருகிறான். "அம்மா, இனிமே இங்க தனியா என்ன செய்யப் போறீங்க? எங்களோட வந்துடுங்க" என்கிறான். அப்படிக் கூப்பிடுகிறவன் நல்ல பிள்ளைதான். ஆனால் அம்மாவைப் பெட்டி படுக்கையோடு ஏற்றி வந்து மாடி வீட்டில் இறக்கிவிட்டால் கடமை தீர்ந்ததா? அதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

கிள்ளானில் ஓர் அடுக்குமாடியில் நாம் சந்தித்த தாய்க்கு வயது 68. பால்மரம் வெட்டியவர். கணவர் இறந்த மூன்றாம் மாதம் மகன் வீட்டுக்கு வந்தவர். மகனும் மருமகளும் விடியுமுன்னே வேலைக்குக் கிளம்புகிறார்கள். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். திருட்டுப் பயத்தால் இரும்புக் கதவை வெளியே பூட்டிச் சாவியையும் கொண்டு போய்விடுகிறார்கள்.

"நாலு மணிக்கே முழிப்பு வந்துடுதுங்க. பெரட்டுக்குப் போன உடம்புதானே! லைட்டைப் போட்டா புள்ளைங்க தூக்கம் கெட்டுடும்னு இருட்டுலயே உக்காந்திருப்பேன். சோத்துக்குக் கொறையில்ல. ஆனா அடுத்த வீட்டுக்காரங்க பேருகூடத் தெரியலைங்க" என்றார் அந்தத் தாய்.

நமக்கு மனம் கனத்துப் போயிற்று. தோட்டத்தில் இவரை அறியாதவர் யார்? எந்த வீட்டில் பிரசவம் என்றாலும் முதலில் ஓடியவர். இங்கே வந்ததும் "இன்னாருடைய அம்மா" ஆகிவிட்டார், பெயரே போய்விட்டது.

தோட்டத்துத் தாய்க்கு வரும் இழப்பு ஒன்றல்ல, இரண்டு. லயத்து வீடு வேலையோடு சேர்ந்த வீடு. வீட்டில் வேலை செய்கிற ஆள் இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். கணவனை இழந்த துக்கம் ஆறுமுன்னே, நாற்பது வருடம் சாணி தெளித்த வாசலையும் இழக்கிறார்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. 1921ல் தொடங்கிய பெராங் பெசார் தோட்டத்தை அறியாத பால்மரத் தொழிலாளி உண்டா? அங்கிருந்து வந்த ரப்பர் கன்றுகள் நாடு முழுவதும் நடப்பட்டன. 1990களில் அந்த இடத்தில் புத்ராஜெயா எழுந்தது. பெராங் பெசாரும் அதைச் சேர்ந்த மூன்று தோட்டங்களும் மறைந்தன. குடும்பங்கள் டிங்கிலில் அடுக்குமாடிக்குப் போயின. அங்கே சுவர்கள் விரிசல் விட்டன. முறையான வீடு கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராட நேர்ந்தது. மண்ணில் கால் வைத்து வாழ்ந்த முதியவர்களுக்கு மாடிப்படி எவ்வளவு பெரிய மலை என்பதை அவர்களைக் கேட்டால் தெரியும்.

சரி, பிள்ளைகள் என்ன செய்யலாம்?

முதலாவது, சாவி. அம்மா கையில் ஒரு சாவி இருக்கட்டும். பூட்டிய வீட்டில் தீப்பற்றினால் யார் காப்பாற்றுவது? சாவி இல்லாதவர் அந்த வீட்டில் விருந்தாளி. சாவி உள்ளவரே வீட்டுக்காரர்.

இரண்டாவது, பழைய சாமான். "இந்தக் குப்பை எதுக்கும்மா?" என்று சொல்லாதீர்கள். அம்மிக்கல், சாமி படம், அப்பா உட்கார்ந்த நாற்காலி, இவற்றுக்கு ஒரு மூலை கொடுங்கள். அவரால் முடிந்த ஒரு வேலையையும் அவரிடமே விடுங்கள். "சும்மா இருங்கம்மா" என்பது அன்புதான். ஆனால் வாழ்நாளெல்லாம் உழைத்தவருக்கு அது தண்டனை.

மூன்றாவது, வெளியே போகும் வழி. கோயிலுக்கும் கிளினிக்கிற்கும் நான்கு தடவை கூடவே நடந்து காட்டுங்கள். ஐந்தாம் தடவை அவரே போவார். கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்குக் கொமுட்டர் ரயில் ஓடுகிறது. இறங்கினால் பக்கத்திலேயே பிரிக்பீல்ட்ஸ். மாதம் ஒரு ஞாயிறு கூட்டிப் போங்கள். நாலு தமிழ்க் குரல் காதில் விழட்டும்.

நான்காவது, காகிதங்கள். அப்பாவின் மரணச் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள். ஊழியர் சேமநிதியில் அவர் யாரை வாரிசாகப் போட்டிருந்தார் என்று பாருங்கள். சொக்சோ சந்தா கட்டியவர் 60 வயதுக்குள் இறந்திருந்தால், சந்தாக் கணக்கைப் பொறுத்து மனைவிக்கு மாத ஓய்வூதியம் கிடைக்க வழி உண்டு; சொக்சோ அலுவலகத்தில் அவசியம் கேளுங்கள். வீடு மாறிய 30 நாளுக்குள் அடையாளக் கார்டில் முகவரியை மாற்ற வேண்டும். அம்மாவிடம் இருப்பது சிவப்புக் கார்டா என்பதையும் கவனியுங்கள். வருகிற பணம் அம்மா பெயரிலேயே, அம்மா கணக்கிலேயே இருக்கட்டும். பேரனுக்கு மிட்டாய் வாங்க மகனிடம் கையேந்தும் நிலை எந்தத் தாய்க்கும் வேண்டாம்.

இன்னொன்றும் கூறத்தான் வேண்டும். பேத்தியின் சடங்கிலும் கல்யாணத்திலும், "தாலி இழந்தவர்" என்று அவரைப் பின்னால் நிற்க வைக்காதீர்கள். முன்வரிசையில் உட்கார வையுங்கள். அந்தப் பேத்தியை வளர்த்த கை அது!

அந்தக் கிள்ளான் தாயின் மகனிடமும் இதையெல்லாம் பேசினோம். முதலில் அவருக்குக் கோபம்தான். "நாங்க என்ன பட்டினியா போட்டோம்?" என்றார். பிறகு தலை குனிந்தார். இரண்டு மாதம் கழித்துப் போனபோது, நடைபாதையில் ஒரு வாளியில் கறிவேப்பிலைக் கன்று நின்றது. தோட்டத்து வீட்டிலிருந்து மகனே போய்ப் பெயர்த்து வந்ததாம். தாயின் இடுப்பில் சாவி தொங்கியது.

"மாடியில உள்ளவங்க எல்லாம் இப்ப இதுக்குத்தாங்க வர்றாங்க" என்று சிரித்தார். "எதிர் வீட்டு மலாய்க்கார அம்மாகூட வந்து கேட்டுச்சு. அவங்க பேரும் இப்பத் தெரியும்!"

செடியைப் பெயர்த்து நடும்போது வேரோடு தாய்மண்ணும் கொஞ்சம் சேர்த்து எடுக்க வேண்டும் என்பது தோட்டத்தில் பிறந்த நமக்குத் தெரியாததா? பெற்றவளுக்கும் அதைச் செய்வோம்.