கடைமடைக்கும் தண்ணீர் கிடைக்க வழி கண்ட அறிஞர்

ஒரே வாய்க்காலைப் பலர் நம்பியிருக்கும்போது தலைமடையில் நீர் மிஞ்சுவதும் கடைமடையில் பயிர் காய்வதும் பல நாடுகளில் உள்ள தொல்லையாகும். பொது நீரைக் காக்க அரசாங்கம் அதை ஏற்க வேண்டும், அல்லது தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றே அறிஞர் பலர் கருதி வந்தனர். மூன்றாவது வழியும் உண்டு என்று ஆராய்ந்து காட்டியவர் அமெரிக்க அரசியல் பொருளாதார அறிஞர் எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார்.

இவர் 1933-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். கணிதப் படிப்பு போதாது என்று பொருளாதார ஆராய்ச்சிப் படிப்பில் இடம் கிடைக்கவில்லை. எனவே அரசியல் பயின்று, 1965-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

கிணற்றில் கடல்நீர்

கலிபோர்னியாக் கடலோரத்தில் அளவுக்கு மீறி நீர் இறைத்ததால் நிலத்தடியில் உப்பு நீர் புகுந்தது. இறைப்போர் சங்கம் அமைத்துக் கூடிப் பேசினர். நீதிமன்றத்தின் துணையுடன் ஆளுக்கு இவ்வளவு என்று வரையறுத்து, இறைப்பைக் குறைத்துக்கொண்டனர். இதுவே அம்மையாரின் முதல் ஆராய்ச்சி.

நேபாள வாய்க்கால்கள்

பின்னர் அவரும் அவருடைய குழுவினரும் நேபாளத்தில் 100-க்கும் மேற்பட்ட பாசன அமைப்புகளை ஒப்பிட்டனர். அரசாங்கம் சிமெண்டால் கட்டிய அணைகளைவிட, விவசாயிகள் கல்லும் தழையும் கொண்டு தாங்களே கட்டிய அணைகளின் கீழ்தான் பெரும்பாலும் கடைமடைக்கு நீர் நன்கு எட்டியது.

காரணம் எளிது. தழை அணையை ஆண்டுதோறும் செப்பனிட வேண்டும். அதற்குக் கடைமடைக்காரரின் உழைப்பும் தேவை. ஆகவே தலைமடைக்காரர் நீரைப் பங்கிட்டுக் கொடுத்தனர். சிமெண்ட் அணை வந்ததும் அந்தத் தேவை நீங்கியது; பங்கீடும் தளர்ந்தது. சிமெண்ட் கெடுதல் அன்று. கூட்டு ஒப்பந்தம் இன்றிக் கட்டுமானம் மட்டும் போதாது என்பதே இதன் பாடம்.

நிலைத்த சங்கங்களின் விதிகள்

நெடுங்காலம் நிலைத்த அமைப்புகளில் அம்மையார் கண்ட பொது விதிகளில் சில வருமாறு:

1. யாருக்கு நீர் உரிமை என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

2. பெறும் நீருக்கு ஏற்ப உழைப்பும் செலவும் அமைய வேண்டும்.

3. விதி வகுப்பதில் நீர் பெறுவோருக்கும் பங்கு வேண்டும்.

4. கண்காணிப்பவர் அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக இருக்க வேண்டும்.

5. முதல் தவறுக்குச் சிறு அபராதம். மீண்டும் செய்தால் கூடுதல் தண்டனை.

6. வழக்குகளை உள்ளூரிலேயே குறைந்த செலவில் தீர்க்க வேண்டும்.

7. சங்கம் அமைக்கும் உரிமையை அரசாங்கம் மதிக்க வேண்டும்.

இவ்வாராய்ச்சிக்காக 2009-ல் பொருளாதார நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. 2012-ல் காலமானார். எல்லா ஊருக்கும் ஒரே விதி பொருந்தாது என்பதை அவர் வலியுறுத்தி வந்தார். வாய்க்காலைத் தூர் வாருமுன் தலைமடையும் கடைமடையும் ஒன்றுகூடி, தங்கள் ஊருக்கு ஏற்ற விதிகளை வகுத்துக்கொள்வது நலம் தரும்.