வீடு தேடி வந்த முட்டைக்கோழி

‘முட்டையிடும் கோழிக்குத்தான் அதன் வருத்தம் தெரியும்’ என்பது முதுமொழி. அந்த வருத்தத்தை ஆண்டுக்கு 300 முறை படுகிற கோழிகள் நாமக்கல் வட்டாரத்துக் கூண்டுகளில் இருக்கின்றன. 1997 இல் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இப்பகுதியிலிருந்து சத்துணவுக் கூடங்களுக்கும், கேரளத்துக்கும், அரபு நாடுகளுக்கும் முட்டை போகிறது என்பதை நாம் அறிவோம். முட்டை குறைந்த பின் அக்கோழிகளின் கதி என்ன என்பதைச் சிலரே எண்ணிப் பார்க்கிறோம்.

வயது ஒன்றரை ஆண்டைத் தாண்டியதும் தீனிச் செலவுக்கு முட்டை கட்டுபடியாகாமல் பண்ணைகள் அவற்றைக் கழித்துவிடுகின்றன. பெரும்பாலானவை இறைச்சிக்குப் போகும். நாலைந்தை வாங்கி வந்து பொடக்காலியில் வளர்க்க விரும்பும் குடும்பங்களும் உண்டு. ஒரு தாய் தன் சிறுவாட்டுக் காசில் வாங்கிய கோழிகள் ஒரு வாரத்தில் செத்துப்போனால், காசும் போயிற்று, பிள்ளைகளின் முட்டையும் போயிற்று.

இவை ஏன் சாகின்றன? நாட்டுக்கோழியைப் போல் அவிழ்த்துவிட்டால் தானே மேய்ந்து கொள்ளும் என்று நாம் நினைப்பதே முதற் காரணம். கூண்டுக்கோழி முட்டையிடும் காலம் முழுவதும் கம்பி மேல் நின்றது. கிளறி இரை தேடாதது. பருந்தின் நிழலுக்கு ஒளியத் தெரியாதது. பண்ணை செய்து கொடுத்ததை எல்லாம் முதல் சில வாரம் நாம் செய்து கொடுத்தாக வேண்டும்.

தண்ணீர்

கோழி வந்து இறங்கியதும் கொடுக்க வேண்டியது தீனி அன்று, தண்ணீர். பல பண்ணைகளில் குழாயில் பொருத்திய சிறு முனையை அலகால் முட்டித்தான் கோழிகள் நீர் குடிக்கின்றன. அப்படிப் பழகிய கோழிக்குச் சட்டியில் இருப்பது தண்ணீர் என்றே தெரியாது. ஒவ்வொன்றாகப் பிடித்து அலகு நுனியை நீரில் தொட்டுக் காட்டினால் விரைவில் கற்றுக்கொள்ளும்.

ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்குச் சுமார் 200 முதல் 250 மில்லி நீர் குடிக்கும். சேலத்து வெயில் 40 டிகிரியை எட்டும் சித்திரையில் இது இரு மடங்காகலாம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடற்சூட்டை வெளியேற்ற வேண்டும். ஆகவே வாயகன்ற மண்சட்டிகள் இரண்டை நிழலில், கோழியின் முதுகு உயரத்துக்குக் கல் அடுக்கி வைத்து, காலையிலும் நண்பகலிலும் நீரை மாற்றுக. ஓடு நீங்கிய முட்டையில் முக்கால் பங்கு தண்ணீரே என்பதை நினைவிற் கொள்க.

கூடு

நாட்டுக்கோழியை மூடும் கூடாப்பு இவற்றுக்குப் போதாது. முதல் வாரம் முழுநாளும் உள்ளேயே அடைத்து வைத்தால்தான் இதுவே தன் இடம் என்று அவை உணரும். ஐந்து கோழிக்கு 5 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்ட கூடு தாராளம். நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் நேரே உள்ளே விழாது. கூரைக்குத் தென்னங்கீற்று நல்லது. பக்கங்களில் அரை அங்குலக் கண்ணுடைய கம்பிவலை கட்டினால் காற்றும் வரும். கீரியும் மரநாயும் நுழையா.

தரையில் கடலைத்தொப்பியையோ நெல் உமியையோ 3 அங்குலம் பரப்பி, வாரமொருமுறை கிளறிவிடுக. ஈரமானால் அகற்றுக. கூண்டில் அசையாதிருந்து, ஓட்டுக்காகச் சுண்ணாம்புச்சத்தையும் இழந்த கோழிக்கு எலும்பு வலுவிழந்திருக்கும். உயரத்திலிருந்து குதித்தால் முறியும். எனவே உட்காரும் கழியை ஓரடி உயரத்துக்கு மேல் வைக்கலாகாது. முட்டையிட, வைக்கோல் இட்ட ஓரடிப் பெட்டி ஒன்று இருட்டு மூலையில் போதும்.

தீனி

பண்ணைக்கோழிகளுக்கு அலகு நுனி வெட்டப்பட்டிருப்பதால் தரையில் இறைத்த தானியத்தைப் பொறுக்க முடியாமல் திணறும். ஆழமான தொட்டியில் தீனி இடுக. நாளொன்றுக்குத் தலைக்குச் சுமார் 110 கிராம் தேவை. முதலிரண்டு வாரம் பண்ணையில் தின்ற முட்டைக்கோழித் தீவனத்தையே கொடுத்து, பிறகு கம்பு, சோளம், உடைத்த மக்காச்சோளம், தவிடு, கீரை எனச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். சேகோ ஆலைகளில் மலிவாகக் கிடைக்கும் மரவள்ளித் திப்பியில் மாவுச்சத்து உண்டு, புரதம் மிகக் குறைவு. அதை மட்டும் நம்பினால் முட்டை நிற்கும். கடலைப்பிண்ணாக்கு புரதம் மிக்கது. ஆனால் பூசணம் பிடித்தது நஞ்சு. 1960 இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோதுதான் அஃப்ளாடாக்சின் என்னும் அந்தப் பூசண நஞ்சு அறியப்பட்டது. ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்துக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைக்க, தேவையானதைக் கோழியே எடுத்துக்கொள்ளும்.

அண்டை வீட்டுக் கோழிகள்

புதுக்கோழியைப் பழைய கோழிகளுடன் உடனே சேர்ப்பது பெருந்தீங்கு. பண்ணைக்கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டிருப்பார்கள். அவை நோயுறாமலே கிருமியைச் சுமந்து வரக்கூடும். தடுப்பூசி காணாத தெருவின் நாட்டுக்கோழிகள் மடியும். ஆகவே மூன்று வாரம் தனியே வைத்து, இருக்கும் கோழிகளுக்கு அரசுக் கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்க. தடுப்புமருந்தைத் தண்ணீரில் கொடுக்க நேர்ந்தால் குளோரின் கலந்த குழாய்நீர் கூடாது. அது மருந்தின் வீரியத்தை அழித்துவிடும்.

இடம் மாறிய அதிர்ச்சியில் சில வாரம் முட்டை நிற்கலாம், இறகும் உதிரலாம். அதைக் கண்டு மனம் தளர வேண்டா. தேறிய பின் ஐந்து கோழிகளில் நாளுக்கு இரண்டு மூன்று முட்டை எதிர்பார்க்கலாம். 1985 முதல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கேட்டறிய நமக்கு வழியுண்டு. கோழி வாங்கப் போகும் நாளுக்கு முந்திய நாளே கூட்டைக் கட்டி, சட்டியில் நீர் நிரப்பி வைப்போமாக.